குடியம் குகையும் திரேதா யுகமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் குகையைப் பற்றிப் பேசப்போவதாக நோட்டீஸில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் என்னிடம் வந்து, "நீங்களுமா குகைக்குப் போய்விட்டீர்கள்? அங்கே எந்தச் சாமியார் இருக்கிறார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பொன்றுமில்லை. நம் நாட்டில் குகை என்று சொன்னால் அதற்குள் ஒரு ரிஷியோ, ஒரு சித்தரோ, அல்லது போலீசுக்குப் பயந்து தாடி வளர்த்த ஒரு ஆசாமியோ இருந்துதான் ஆகவேண்டும் என்று ஜனங்கள் நினைத்துப் பழகிவிட்டார்கள். நான் பார்த்துவிட்டு வந்த குகையில் அப்படி ஒருவரும் இல்லை. தேனீக்கள்தான் இருந்தன. அவை நம்மிடம் காணிக்கை கேட்கவில்லை.

நாங்கள் போனது திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள குடியம் குகைக்கும், அதற்குச் சமீபத்தில் அத்திரம்பாக்கம் என்ற கிராமத்துக்கும், பூண்டியில் சர்க்கார் வைத்திருக்கிற தொல்பழங்காலப் பொருட்காட்சிக்கும். மொத்தம் 11 பேர். நெசவாளிகள் இருவர், ஒரு தையற்காரர், பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருக்கும் ஒரு அம்மையார், அம்மி, ஆட்டுக்கல் கொத்தும் தோழர் ஒருவர், இப்படிப்பட்டவர்கள். பட்டம் வாங்கினவர் அந்த அம்மையார் ஒருவர்தான். நாங்கள் புறப்பட்ட காலமோ கத்திரி வெயில். "இந்த வெயிலில் ஊட்டிக்குப் போவார்கள், கொடைக்கானலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் கிடப்பார்கள்; காட்டுக்கா போவார்கள்?" என்று எல்லார் வீட்டிலும் சண்டை. வேன்காரர், "திருப்பதிக்கா?" என்றார். "இல்லை, கல் பார்க்க" என்றோம். "ராசிக்கல்லா?" என்றார். அவருக்கு விளங்கவைப்பதற்கே திருவள்ளூர் வரைக்கும் ஆகிவிட்டது.

வெயில் காலத்தில் போனதில் சௌகரியமும் உண்டு. தை, மாசியில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் காட்டோடை வழியை மறிக்கும். கத்திரியிலோ புல் பூண்டெல்லாம் காய்ந்துபோய், ஓடைக்கரையில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். கல்லையும் மண்ணையும் பார்க்கப் போகிறவனுக்குப் பச்சைப்பசேல் எதற்கு?

நாங்கள் போன தினம் அமாவாசை. திருவள்ளூரில் வண்டி நகர முடியவில்லை. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லத்தைப் போட்டால் வியாதி கரைந்துபோகும் என்று, கைக்குழந்தையோடும் கிழவிகளோடும் அந்த வெயிலில் வந்து நின்றார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரும் வெல்லப் பொட்டலத்தோடு நின்றார். அவர் அதைத் தின்னாமல் தண்ணீரில் போடுவதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. நான் சொல்ல வந்தது என்னவென்றால், அத்தனை பேர் வெயிலில் வந்ததை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. நாங்கள் 11 பேர் போனதைத்தான் சொன்னார்கள்.

பூண்டி ஏரியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் தருவதற்காகக் கொசஸ்தலையாற்றில் 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். நாங்கள் போனபோது தண்ணீர் உள்வாங்கிப் பாதி ஏரி வெடித்துக் கிடந்தது. பொருட்காட்சியில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அங்கே இருந்தவர் சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்க்கவிட்டார். கண்ணாடிக்குள் என்ன இருந்தது? கல். ஒரு கை அகலமும், மாம்பழம்போல் அடி பருத்து நுனி கூர்த்த வடிவமும் உள்ள கல். கைக்கோடரி என்று அதற்குப் பெயர். நெசவாளித் தோழர் ஒருவர், "இது ஆற்றிலே உருண்ட கல்தானே, இதற்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டார்.

அதற்கு நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மி கொத்தும் தோழர் முந்திக்கொண்டார். "இல்லை அண்ணே, தண்ணீர் உருட்டினால் முனை மழுங்கும். இது அடித்து எடுத்தது. பாருங்கள், சில்லு பெயர்ந்த இடமெல்லாம் சிப்பி மாதிரி குழிந்திருக்கிறது. ஒரு பக்கம் அடித்துவிட்டுத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அடித்திருக்கிறான். எங்கே தட்டினால் எதுவரைக்கும் சில்லு போகும் என்று தெரிந்தவன் கை இது" என்றார். நான் பல புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அந்தக் கலை அவர் கையில் இருக்கிறது. நமக்குக் காகிதத்தில்தான் இருந்தது.

நிற்க, இந்தக் கல்லை முதன்முதல் கண்டவர் யார்? ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர். பூமியிலுள்ள கல், மண், சுரங்கம் இவற்றை ஆராயும் இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல் கோடரியைப் பொறுக்கினார். மே 30! நாங்கள் கத்திரியில் போனோம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோமே, அந்த மனிதர் 28 வயதில், கத்திரியின் சூடு ஆறுமுன் பல்லாவரத்துச் சரளையில் குனிந்து நின்றிருக்கிறார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற அவருடைய தோழரும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அவர் சேர்த்த பொருள்களைச் சென்னை சர்க்கார் 1904-இல் விலைக்கு வாங்கி எழும்பூர் மியூசியத்தில் வைத்தது.

பல்லாவரத்துச் சரளையை அதற்கு முன் எத்தனை பேர் மிதித்திருப்பார்கள்? அவர் கண்ணுக்கு மாத்திரம் ஏன் பட்டது? ஞானதிருஷ்டியா? அல்ல. பிரெஞ்சு தேசத்தில் அப்பெவில் என்ற ஊரில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த் என்பவர், ஆற்றுச் சரளையில் கல் கோடரிகளும் அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளும் சேர்ந்து கிடைக்கின்றன, ஆகவே மனிதன் வெகு பழையவன் என்று வெகு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படித்த பெரியவர்கள் சிரித்தார்கள். ஏனென்றால், உலகம் உண்டாகி 6,000 வருஷம்தான் ஆகிறது என்று அவர்களுடைய பாதிரிகள் வேதத்திலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1859-இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச் என்பவரும், காகித ஆலை நடத்திய ஜான் எவன்ஸ் என்பவரும் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது நிஜம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஃபூட் இங்கே தேடினார். ஒரு சுங்கக்காரரும் ஒரு காகித ஆலைக்காரரும் பாதிரிகளின் கணக்கைக் கவிழ்த்தார்கள். மூடநம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. வெள்ளைக்காரனிடமும் மூட்டை மூட்டையாக இருந்தது. அவன் கொஞ்சம் முன்னால் இறக்கிவைத்தான், அவ்வளவே.

அத்திரம்பாக்கத்துக்குப் போனோம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோபுரமில்லை, குளமில்லை. முள்ளும் ஓடையும் செம்மண் பள்ளமும்தான். ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள் மாத்திரம், "வெயிலுக்குத் தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள் அய்யா" என்று சொன்னார். ஆனால் அந்தப் பள்ளத்தில் 1999 முதல் சாந்தி பப்பு என்ற அம்மையாரும் குமார் அகிலேஷ் என்பவரும் வருஷக்கணக்காகத் தோண்டி ஆராய்ந்து, 2011-இல் சயின்ஸ் என்ற பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். அடியிலுள்ள களிமண்ணில் கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம். அந்தக் களிமண்ணில் பெரிய கல் கிடையாது. கல்லை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைத்து வேலை செய்திருக்கிறார்கள். மாட்டினம், குதிரையினத்து மிருகங்களின் பற்களும் அங்கே கிடைத்தன.

"15 லட்சம் என்று கல்லிலா எழுதியிருக்கிறது?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். கேட்காமல் நம்புகிறவன் இந்தக் கூட்டத்துக்கு வரவேண்டிய அவசியமில்லை. வெளியில் கிடக்கிற கல்லின்மேல் ஆகாயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. அவை தாக்குவதால் கல்லுக்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு அணுவகைகள் வெகு சொற்பமாக உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருக்கிறது மாத்திரம் அழிந்துகொண்டே வரும். அலுமினியம் பாதியாக ஆவதற்குச் சுமார் 7 லட்சம் வருஷம். பெரிலியம் பாதியாக ஆவதற்குச் சுமார் 14 லட்சம் வருஷம். ஒன்றில் பெரிய ஓட்டை, மற்றொன்றில் சிறிய ஓட்டை உள்ள இரண்டு பானைகளில் ஒரே வேளையில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டால், பிறகு வருகிறவன் இரண்டிலும் மிச்சமுள்ள தண்ணீரைப் பார்த்து, நிரப்பி எத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்த மாதிரிதான்.

இது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி, பூமியின் காந்தம். இன்றைக்குக் காந்த ஊசி வடக்கே காட்டுகிறது. சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வருஷங்களுக்கு முன் அது தெற்கே காட்டும் நிலைமை இருந்தது. களிமண் படியும்போது அதிலுள்ள நுண்ணிய துகள்கள் அன்றைய திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அத்திரம்பாக்கத்து அடிமண்ணில் திசை தலைகீழாக இருக்கிறது. இரண்டு சாட்சிகள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே வாக்குமூலம் கொடுக்கிறார்கள். அதோடு, 70 ஆயிரம் வருஷம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். நம்முடைய எந்தப் புராணக்காரனாவது, "நான் சொல்லும் கணக்கில் இவ்வளவு தப்பு இருக்கலாம்" என்று எழுதி வைத்திருக்கிறானா?

இதைப்பற்றி வேனில் பேசிக்கொண்டே போய் ஒரு டீக்கடையில் இறங்கினோம். நெற்றியில் நாமம் போட்ட ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி, 15 லட்சம், 20 லட்சமெல்லாம் நம் சாஸ்திரத்தில் எப்போதோ சொல்லியாயிற்றே! வெள்ளைக்காரன் 6,000 வருஷத்தில் நின்றுகொண்டிருந்தபோது நம்மவர்கள் யுகக் கணக்கே போட்டுவிட்டார்கள்" என்றார்.

தோழர்களே! இதை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. இப்படிப் பேசுகிறவர்கள் நாளுக்கு நாள் அதிகமாகிறார்கள். ஆகவே நான் அவர் கணக்கையே எடுத்துக்கொண்டேன். "பெரியவரே, கலியுகம் பிறந்து 5,100 வருஷத்துக்குமேல் ஆகிறதல்லவா?" "ஆமாம்." "அதற்கு முன் துவாபரம் 8,64,000. அதற்கு முன் திரேதா 12,96,000. அப்படியானால் திரேதா யுகம் என்பது 21 லட்சத்து 65 ஆயிரம் வருஷத்துக்கு முன் தொடங்கி, 8 லட்சத்து 69 ஆயிரம் வருஷத்துக்கு முன் முடிகிறது. 15 லட்சம் எதில் விழுகிறது?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "திரேதா யுகம்! ராமர் அவதரித்த யுகமல்லவா! அப்படியானால் இது அந்தக் காலத்துக் கல்!" என்றார்.

"சரி, அந்த யுகத்து மண்ணைத்தான் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். கல் கோடரி கிடைத்தது. ஒரு பானை ஓடு கிடைக்கவில்லை. ஒரு செங்கல் கிடைக்கவில்லை. இரும்பு கிடைக்கவில்லை. உலகத்தில் வேறெங்கு அந்த வயதுள்ள மண்ணைத் தோண்டினாலும் இவை வரவில்லை. மனிதன் பயிர் செய்து பிழைப்பது சுமார் 12,000 வருஷமாகத்தான். இரும்போ, சிவகளையில் கிடைத்ததற்கு 5,300 வருஷம் என்று 2025-இல் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்ததையே வைத்துக்கொண்டாலும், துவாபரம்கூட முடிகிற தறுவாய். அப்படியிருக்க, தசரதன் அரண்மனை கட்டினது எதனால்? கிரீடம் செய்த தட்டான் எங்கே? சம்பூகன் என்ற சூத்திரன் தவம் செய்தான் என்பதற்காக அவன் தலையை ராமன் வாளால் வெட்டினான் என்று உத்தர காண்டத்தில் எழுதியிருக்கிறதே, அந்த வாளை அடித்த கொல்லன் யார்?" என்று கேட்டேன். பெரியவர் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "எல்லாம் நம்பிக்கை தம்பி" என்றார். நல்ல மனிதர். எங்களுக்குக் குகைக்குப் போகும் வழியை அவர்தான் சரியாகச் சொன்னார்.

வாளைப்பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்டேன் என்றால், அந்த வாள் கதைதான் நம் தலைமேல் இன்னும் தொங்குகிறது. ஊர்க் கோயிலுக்குள் ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டால், "அனாதி காலமாக வருகிறது" என்கிறான். டீக்கடையில் ஏன் தனி டம்ளர் என்று கேட்டாலும் அதே பதில்தான். பெண்ணுக்கு ஏன் சொத்தில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில் நம்மவர்கள் கேட்டபோதும் அதே அனாதி. ஆதியில்லாதது என்று அர்த்தம். அத்திரம்பாக்கத்து மண்ணைப் போய்ப் பாருங்கள். அங்கே ஆதி 15 லட்சம் வருஷத்தில் இருக்கிறது. அதில் முகத்தில் பிறந்தவனும் இல்லை, காலில் பிறந்தவனும் இல்லை. பூணூல் போட்ட கல் கோடரி என்று தனியாக ஒன்றும் அகப்படவில்லை.

இங்கே நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. வேனில் ஒரு வாலிபத் தோழர், "பார்த்தீர்களா, 15 லட்சம் வருஷத்துக்கு முன்பே தமிழன் ஆயுதம் செய்திருக்கிறான்!" என்று மார்தட்டினார். அவர் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை, நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கோடரியைச் செய்தவன் தமிழனுமல்ல, வடக்கத்தியானுமல்ல. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள், மொராக்கோ தேசத்தில் கிடைத்தவைகூட, சுமார் 3 லட்சம் வருஷத்தவைதான். ஆகவே இது நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தின் கைவேலை. அத்திரம்பாக்கத்தில் அவர்களுடைய எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. பார்ப்பனன் ராமனுக்காக நீட்டுகிற கணக்கை நாம் தமிழுக்காக நீட்டினால், அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இனி குகை. வன இலாகா அனுமதி பெற்றுக்கொண்டு, கிராமத்தில் வண்டியை விட்டு, ஒரு மணி நேரத்துக்குமேல் காட்டில் நடந்தோம். கூழாங்கல்லைக் கலவையில் கொட்டி இறுக்கினது போல மலையே அமைந்திருக்கிறது. அதன் வயிற்றில் பெரிய கொட்டகை மாதிரி குடைந்திருக்கிறது குகை. நூற்றுக்கணக்கானவர் உட்காரலாம். வெளியே நெருப்பு, உள்ளே சிலுசிலுவென்று குளிர்ச்சி. மேலே தேனடைகள். பீடி பற்றவைக்கப் போன ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தினோம். நடுவிலே சிறியதாக ஒரு அம்மன் கோயில் கட்டி மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கிறார்கள். பொங்கல் வைத்த அடுப்புக்கரி கிடந்தது. குகையென்றால் சாமியார் இல்லாவிட்டாலும் சாமியாவது வேண்டுமே!

குகைதான் பெரிது என்று நினைத்துப் போனோம். ஆனால் 1962 முதல் 1964 வரை தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த பானர்ஜி என்பவர் இதைத் தோண்டிப் பார்த்தபோது கல் கருவிகள் கிடைத்தன, ஆனால் சொற்பமாகத்தான் கிடைத்தன. வந்து ஒதுங்கியிருப்பார்களே தவிர, நிலையாகக் குடியிருந்ததாகத் தெரியவில்லை. பிரமாதமான குகை கொஞ்சம்தான் சொல்கிறது. ஒன்றுமில்லாத முள்ளுப் பள்ளம் 15 லட்சம் வருஷத்தைச் சொல்கிறது. உபாத்தியாயினி அம்மையார் இதைக் கேட்டுவிட்டு, "மலைமேல் ஏறினால்தான் புண்ணியம் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்" என்றார்.

அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டபோது, அம்மி கொத்தும் தோழர் இரண்டு கூழாங்கற்களை, எங்கள் ஊர் ஆற்றிலிருந்து கொண்டுவந்ததை, மடியிலிருந்து எடுத்துத் தட்டிக் காட்டினார். நாலைந்து தடவை வீணாய்ப் போயிற்று. பிறகு ஒரு சில்லு கத்திபோல் பெயர்ந்தது. அதை வைத்து வாழையிலையை அறுத்தார். அத்திரம்பாக்கத்தில் மேல் மண்ணில், 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, கல்லை முதலில் சுற்றிலும் அடித்துத் தயார் செய்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே அடியில் வேண்டிய வடிவத்தில் சில்லை எடுக்கும் முறை இருந்ததென்று அதே ஆராய்ச்சிக்காரர்கள் 2018-இல் நேச்சர் பத்திரிகையில் எழுதினார்கள். அதற்கு முன் இந்த முறை இந்தியாவுக்கு வெகு பிந்தி வந்ததாகத்தான் அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்கிறார்கள், விவாதம் செய்கிறார்கள். கடைசி அடியை மனதில் வைத்துக்கொண்டு முதல் அடி அடிப்பதென்றால் அது யோசனையல்லவா? கையால் உழைக்கிறவனுக்கு மூளை இல்லை, ஆகையால் அவன் கீழ் ஜாதி என்று தர்மசாஸ்திரம் எழுதினவன், கல்லை ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கவேண்டும். இந்தத் தோழரின் இனத்தார் செதுக்கிய சிலையைக் கோயிலில் வைத்தபிறகு, அவர்களையே கர்ப்பக்கிரகத்துக்குள் வராதே என்றார்கள். எல்லா ஜாதியாரும் அர்ச்சகராவதற்கு 1970-இல் சட்டம் வந்தும், பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு உத்தரவு கைக்கு வந்தது 2021-இல்தான். 51 வருஷம்! கல் எவ்வளவோ மேல், தட்டினால் பெயர்கிறது.

புறப்படும்போது ஒரு சங்கதி நடந்தது. தையற்காரத் தோழர் ஓடைக்கரையில் எடுத்த ஒரு கல்லை, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடும்படி செய்தோம். சட்டம் தடுக்கிறது என்பது ஒன்று. அதைவிட முக்கியம், மண்ணடுக்கில் இருக்கும்வரைதான் கல்லுக்கு வாயிருக்கிறது. எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தால் அது ஊமை. பிறகு அதற்கும் யாராவது சந்தனம் பூசிவிடுவார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அரை மைல் வெயிலில் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார்.

வருகிற பங்குனியில் மறுபடியும் ஒரு வேன் போகிறது. வர விருப்பமுள்ளவர்கள் வாசகசாலையில் பெயர் கொடுக்கலாம். தாய்மார்களும் பிள்ளைகளும் அவசியம் வரவேண்டும். ஆளுக்கு இரண்டு படி தண்ணீரும், தலைக்குத் துணியும், காலுக்குச் செருப்பும் வேண்டும். மோரும் கட்டுச்சோறும் பொதுவில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். தேங்காய், பழம், வெற்றிலை எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. எழும்பூர் மியூசியத்திலுள்ள ஃபூட் துரையின் கற்களை முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாக விளங்கும். அம்மி கொத்தும் தோழர் இந்தத் தடவை எல்லார் கையிலும் இரண்டு கல்லைக் கொடுத்துத் தட்டச் சொல்லப் போவதாகச் சொல்லியிருக்கிறார், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.